மயில் கண்ணுக்கு லைன் இல்லை

எலக்ட்ரானிக் சிப்பு மேல் விரலை வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. எங்கள் தொழிலில் நாடி பார்ப்பது இப்படித்தான், ஆனால் சூடு தெரியும்போது நோயாளி போயிருப்பான். இப்படி விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் மேலே விளக்கவே வேண்டாம்.

ஒண்ணு எரிஞ்சது

பத்தாவதில் கணக்கில் கோட்டடித்துவிட்டு, மதுரையில் ராஜாமணி அண்ணன் கடையில் சேர்ந்திருந்தேன். திருவிழாவுக்கு ஓடுகிற விளக்கு போர்டு செய்கிற கடை. அதுவரை மோட்டாரில் சுற்றுகிற உருளைதான் விளக்குகளை மாற்றிப் போட்டது. அந்த வருஷம் புரோகிராம் ஏற்றிய சிப்பு. மெட்ராஸிலிருந்து வந்தது ரெண்டே ரெண்டு.

"சிப்போட கம்பிக் கால் ஒண்ணுக்கு ரெண்டு மில்லி ஆம்பியர் கரண்ட்டுகூடத் தாங்காது. நடுவுல டிரான்சிஸ்டர் போடு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. ஒரு எல்.ஈ.டி. விளக்கை நேராகச் சிப்புக் காலில் கொடுத்தேன், எரிந்தது. எட்டையும் கொடுத்தேன். எட்டும் எரிந்தன, கொஞ்ச நேரம். என் விரல் சுட்டது அப்போதுதான். அண்ணன் செத்த சிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். கத்தவில்லை.

"இன்னொண்ணும் போச்சுன்னா, நீ பத்தாப்புக்கே திரும்பிப் போயிரு மாப்ள."

தாசில்தார்

ரெண்டாவது சிப்புக்கு ஒழுங்காகச் செய்தேன். சிப்பு டிரான்சிஸ்டருக்குச் சைகை காட்டும், டிரான்சிஸ்டர் ரிலே என்கிற சுவிட்சை இழுக்கும், ரிலே பல்பு வரிசையைப் போடும். எட்டு வரிசைக்கு எட்டு டிரான்சிஸ்டர், எட்டு ரிலே. ஆர்டர் கொடுத்த அவனியாபுரம் பந்தல்காரர் வெள்ளைச்சாமி வந்து பார்த்தார். இந்தப் பொடிசுக்கு எதற்கு இம்புட்டு ஆளு என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார்.

"அப்ப இது தாசில்தாரு. தானா ஒரு துரும்பைத் தூக்காது, கையை மட்டும் காட்டும்."

ஒத்தக் கண்ணு

திருப்பரங்குன்றத்தில் பந்தல் வாசலில் பிளைவுட் மயில். சாயங்காலம் சுவிட்சைப் போட்டோம். தோகை எட்டு வரிசையும் அலை மாதிரி ஓடியது. வெள்ளைச்சாமி முகத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணு எங்கடா?"

"நீங்க தோகைதாண்ணே சொன்னீங்க. தோகை வரிசை ஒண்ணோட சேர்த்து ஒரு பல்பு போட்டுர்றேன்."

"தோகையோட சேர்ந்தாடா மயிலு கண்ணைச் சிமிட்டும்? தனியா சிமிட்டணும்."

சிப்பில் ஒரு கால் சும்மா இருந்தது. என் சட்டைப்பையில் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று இருந்தது. மிச்ச டிரான்சிஸ்டர்தான் இல்லை. சும்மா இருந்த காலையும் எல்.ஈ.டி.யையும் வெள்ளைச்சாமி பார்த்துவிட்டார். "இம்புட்டூண்டு கண்ணு. நேரா குடுத்துரு" என்றார். முடியாது என்றேன். நேராக டீக்கடைக்குப் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தார். விழாக் கமிட்டி ஆட்கள் வேறு வந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒண்ணுதானடா. குடுத்துரு."

ரெண்டு மில்லி ஆம்பியர் சொன்ன அதே வாய்.

"ஒண்ணு எரியும்ணே. அதான் பயமாருக்கு. அன்னைக்கும் மொதல்ல ஒண்ணுதான் எரிஞ்சது" என்றேன். சிப்பு போனால் தோகை எட்டும் போகும், நானும் போவேன். சால்டரிங் அயர்ன் பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். வெள்ளைச்சாமி அன்று என்னைத் திட்டியதை எழுத முடியாது. மூணு நாளும் தோகை நிற்காமல் ஓடியது. கண் இருட்டாகவே இருந்தது. பந்தல் பிரிக்கும்போதுதான் என்னிடம் பேசினார்.

"கண்ணு ஏன் எரியலைன்னு கமிட்டில கேட்டாங்க. மயிலு தூங்குதுன்னுட்டேன்."

நேரா குடு என்று வாடிக்கைக்காரரும் சொன்னார், முதலாளியும் சொன்னார். நான் கொடுக்கவில்லை, பத்தாவதுக்கும் திரும்பிப் போகவில்லை.