வாளிக்குள் என் கை

பதுளையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள், பிறகு கடலைப் பார்ப்பார்கள். முன் அறையின் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு கண்ணாடித் தொட்டி நின்றது. கொழும்பிலிருந்து பொதியில் வரும் கடலுப்பைக் கரைத்து என் கணவர் உண்டாக்கிய கடல் அது. உள்ளே பவளங்கள் வளர்ந்த ஒரு பெரிய கல்லும், செம்மஞ்சள் நிறத்தில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்களும், கல்லின் நடுவில் ஒட்டிக்கொண்டு, கடற்சாமந்தி என்றும் சொல்கிற ஒரு கடலனிமனியும் இருந்தன. உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் என்பதால் அது ஒரு விலங்கு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நுனியில் குமிழ் குமிழாக வீங்கிய விரல்களை விரித்துக்கொண்டு அது ஆடும்போது நானே சந்தேகப்படுவேன். நான்கு வயது மகளுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு அது பூ. மீன்கள் இரண்டும் அந்தப் பூவுக்குள்தான் தூங்கின.

கணவருக்கு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதவி உயர்வு கிடைத்தது. குவார்ட்டர்ஸும் உண்டு. பசறை தாண்டியதும் அந்தப் பாதை இருக்கிற இருப்புக்கு, ஆறடித் தொட்டியை அதில் கொண்டுபோவது நடக்காது. ஹாலிஎலயில் ஒரு பொறியியலாளர், யாழ்ப்பாணத்துக்காரர், தொட்டியையும் கல்லையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கல்லை உடைக்கக் கூடாது, அதிலுள்ள பவளத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்றார். கடலனிமனி மட்டும் வேண்டாம், அது தன் விஷ விரல்களால் பவளத்தைச் சுட்டுவிடும் என்றார்.

இதற்குள் நான் ஒரு வேலை செய்திருந்தேன். புது வீட்டுக்கு வரவே மாட்டேன் என்று மகள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

"பூவும் வருமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"வரும். பூவும் வரும், மீனும் வரும். சின்னத் தொட்டியில வெச்சு, அம்மா மடியிலயே கொண்டு வருவேன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். நான் யோசிக்காமல் செய்த காரியங்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவிலும் பெரும்பாலானவை இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

அதன் பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். இழுக்கவே கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. அதன் அடிப்பாதம் கல்லில் அப்பிக்கொண்டிருக்கும். இழுத்தால் கிழியும். கிழிந்தால் செத்துப்போகலாம். சின்னத் தொட்டிக்குள் செத்தால் தண்ணீர் கெட்டு, மீன்களும் போய்விடும். ஒரு கை தவறினால் மூன்று சாவு, அதோடு அம்மா சொன்னால் நடக்கும் என்று நம்பிய ஒரு பிள்ளை. மகளின் முதல் தடுப்பூசிக்குக்கூட நான் இவ்வளவு வாசிக்கவில்லை என்று கணவர் சொன்னார். அது பொய். அதற்கு இதைவிட அதிகம் வாசித்தேன்.

பொருள்களைக் கட்ட உதவிக்கு மதினி வந்து சேர்ந்தார். கணவரின் அக்கா. மடுல்சீமையில் கொழுந்தெடுப்பவர். வாய் ஓயாதவர். தொட்டிக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"இம்புட்டுத்தானா? கல்ல கெட்டியா புடிச்சிருக்கு, விட மாட்டேங்குது. அட்டை மாதிரிதானே? உப்பப் போடு, சுருண்டு விழுந்துரும்."

"அக்கா, அது இருக்கறதே உப்புத் தண்ணியில," என்றார் கணவர்.

மதினி தொட்டியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "அப்ப இன்னுங் கொஞ்சம் போடு," என்றார். பிறகு அவரே முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கும் முதலில் உப்புதான் ஞாபகம் வந்தது. நானும் தோட்டத்தில் வளர்ந்தவள். மழைக்காலத்தில் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை. அட்டை ஏறினால் நாங்கள் கத்துவதில்லை. நகத்தால் ஒரு பக்கம் நெம்பி, விரலில் உருட்டி, ஒரே சுண்டு. அது எங்கே போய் விழுந்தது என்று பார்க்கவும் மாட்டோம். வழுவழுப்பாக எதுவும் கையில் ஒட்டினால், என் மூளைக்குத் தகவல் போகும் முன் விரல் சுண்டிவிடும். உண்மையில் எனக்கு அந்த விரலைப் பற்றித்தான் பயம்.

"நீங்க எடுங்களேன்," என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் தன் கைகளைக் காட்டினார். தொழிற்சாலையில் இயந்திரங்களோடு பழகிய தடித்த விரல்கள். "எனக்கு நகமே இல்லையே. உனக்குத்தான் பொறுமை."

என்னிடம் இருப்பது பொறுமை இல்லை, பயம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் போலும்.

தொட்டியை எடுக்க பொறியியலாளர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலையிலேயே தொடங்கினோம். கணவர் கல்லைத் தூக்கி, தொட்டித் தண்ணீரே நிரப்பிய பெரிய வாளிக்குள் இறக்கினார். நான் கையுறை போட்டேன். அதில் பவுடர் இருக்குமோ என்று கழற்றிக் கழுவினேன். கழுவிய குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமே என்று மறுபடி தொட்டித் தண்ணீரில் அலசினேன்.

"கலியாணத்தன்னைக்கி வளையல் போடவும் இவ இப்பிடித்தான்," என்றார் மதினி.

முதலில் நீரோட்டம். தன் மேல் விடாமல் தண்ணீர் பீய்ச்சினால் அதற்கு எரிச்சல் வந்து இடம் மாறும் என்று வாசித்திருந்தேன். மகளுக்கு மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சியால் பாதத்தின் ஓரத்தில் பீய்ச்சினேன். அது விரல்களை உள்ளே இழுத்து, ஒரு தக்காளியைப் போல் உருண்டு உட்கார்ந்துகொண்டது.

"கோவிச்சிருச்சு," என்றாள் மகள்.

அடுத்தது ஐஸ். உறையில் கட்டிய ஐஸ்கட்டியைக் கல்லின் பின்பக்கம், பாதம் இருக்கும் இடத்துக்கு நேராக வைத்துப் பிடித்தேன். கல் குளிர்ந்தால் அது இடம் பிடிக்காமல் நகருமாம். எனக்குத்தான் விரல் விறைத்தது. பிறகு மறுபடி சிரிஞ்சி, மறுபடி ஐஸ். "வாம்மா, கொஞ்சம் வாம்மா, புது வீடு நல்லா இருக்கும்," என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மதினி கவனித்தார்.

"காலையில பெரட்டுக்கு வேலையாள் கூப்பிடுற கங்காணிகூட இம்புட்டு கெஞ்ச மாட்டாரு."

அப்போதுதான் பாதத்தின் ஓரம் வெள்ளையாகக் கொஞ்சம் மேலெழும்பியது. கையுறையோடு அந்த ஓரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கழற்றிவிட்டேன். சுட்டாலும் பரவாயில்லை என்று துணிந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாதப் பக்கம் சுடாது என்று அதற்கு முன்பே உறுதி செய்து வைத்திருந்தேன். நகம் படாமல், விரல் நுனியின் சதையால் மெதுவாக உள்ளே நுழைத்தேன். கொஞ்சம் விட்டது. நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் விட்டது. கல்லிலிருந்து அது முழுதாகக் கழன்றபோது நான் மூச்சு விட்டேன்.

அது என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த, ஈரமான பிடி. என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்குப் பின்னால் போய் மடங்கி, தயாராக நின்றது. நான் அதை அங்கே அனுப்பவில்லை. மடங்கிய விரலை இன்னொருவர் பார்த்துவிட்டார்.

"சுண்டிராதடி!" என்று மதினி கத்தினார். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு அந்த விரல் என்ன செய்யப்போகிறது என்று தெரியாதா?

நான் கல்லாகிவிட்டேன். கட்டைவிரலை ஒவ்வொரு கணுவாக விரித்தேன்.

"சரி, இப்ப மெதுவா சின்னத் தொட்டியில விடு," என்றார் கணவர்.

"விட மாட்டேங்குதுங்க."

"நீ கைய ஆட்டு."

"ஆட்டினா கிழிஞ்சிரும்ங்க!"

கதவு தட்டப்பட்டது. பொறியியலாளர், இரண்டு ஆட்களோடும் ஒரு லொறியோடும். நான் வாளிக்கு முன்னால் முழந்தாளிட்டு, முழங்கை வரை கை உள்ளே விட்டபடி அவருக்கு வணக்கம் சொன்னேன், ஒற்றைக் கையால்.

"என்ன தங்கச்சி, கை ஏன் வாளிக்குள்ள?"

"அது கல்லை விட்டுருச்சு சேர்."

"நல்லதெல்லோ."

"என்னைய விட மாட்டேங்குது."

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய மீசை ஆடியது. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாட்டுக்கு நான் இன்றும் நன்றியுள்ளவள்.

சின்னத் தொட்டி அறையின் அந்தக் கோடியில் இருந்தது. கைக்கு அடியில் சோறு பரிமாறும் கோப்பையில் தண்ணீர் ஏந்தி, கணவர் ஒரு பக்கம், துவாயோடு மதினி பின்னால், மகள் முன்னால் வழிவிடச் சொல்லிக்கொண்டு போக, கோயில் திருவிழாப் பவனி போல நடந்தோம். ஆட்கள் இருவரும் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

கையைச் சின்னத் தொட்டிக்குள் வைத்தேன். கணவர் மீன்களையும் பிடித்து விட்டார். அவை பயந்துபோய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டன. பெரிய தொட்டியை வெளியே தூக்கினார்கள். மதினி எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தார். நான் மட்டும் தொட்டிக்குள் கையோடு நின்றேன். மூக்கு அரித்தது. மகள் நாற்காலியில் ஏறிச் சொறிந்துவிட்டாள்.

"ஐஸ் வச்சுப் பாத்தனீங்களோ?" பொறியியலாளர் கேட்டார்.

"வெச்சேன் சேர். கல்லுக்கு."

"கைக்கு?"

மகள் குளிர்சாதனப் பெட்டிக்கு ஓடினாள்.

அதன் பிறகு நடந்தது நியாயமே இல்லை. மதினி என் புறங்கையில் ஐஸ் உறையை வைத்து அழுத்தினார். மகள் சிரிஞ்சியால் என் உள்ளங்கை ஓரத்தில் பீய்ச்சினாள். கணவர் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சின்னக் கல்லைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். காலையில் பெரிய கல் இதையெல்லாம் சத்தமில்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தது. நான் கத்தினேன்.

"ஆடாதீங்கம்மா. கோவிச்சிரும்," என்றாள் மகள், நான் அவளுக்கு மருந்து கொடுக்கும்போது பேசுகிற அதே குரலில்.

ஆடாமல் நின்றேன். மூலையிலிருந்த மீன்களில் பெரியது மெல்ல வந்தது. என் சுண்டு விரலைச் சுற்றியது. பிறகு கையில் விரிந்திருந்த பூவுக்குள் நுழைந்து, முதுகை உரசிப் படுத்துக்கொண்டது. அடுத்ததும் வந்தது. கை விறைத்து, முதுகு வலித்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் கொஞ்ச நேரம் உண்மையிலேயே ஒன்றையும் யோசிக்கவில்லை. அது எப்போது ஒரு ஓரத்தைச் சின்னக் கல்லில் வைத்தது, எப்போது மறு ஓரத்தை என்னிடமிருந்து எடுத்தது என்று தெரியாது. மகள்தான் சொன்னாள்.

"அம்மா, விட்டுருச்சு. கைய எடுங்க."

எடுத்த பிறகும் கிழிந்திருக்குமோ என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிறகு கணவரையும் பார்க்கச் சொன்னேன். கிழியவில்லை.

சின்னத் தொட்டி வழியில் தளும்பும் என்பதால், மூடி போட்ட வாளியில் சின்னக் கல்லும் பூவும் மீன்களும், என் மடியில், பசறை வழியாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் மூடியைத் திறந்து பார்த்தேன். குவார்ட்டர்ஸில் இறங்கிப் பொருள்களைத் தூக்கும்போது தூறல். புல்லில் ஓடிவிட்டு வந்த மகளின் கணுக்காலில் கறுப்பாக ஒன்று நெளிந்தது. அட்டை. என் விரல் மடங்கிக்கொண்டே குனிந்தது.

"இழுக்காதீங்கம்மா!" என்று அவள் காலை விலக்கினாள். "அதுவா விடும். ஐஸ் வைங்க. என்ட சிரிஞ்சி எங்க?"

நான் குனிந்தபடியே நின்றேன். அவள் சொல்வதும் சரிதானோ என்று ஒரு கணம், என் குணம் போகுமா, யோசித்தேன். அதற்குள் குசினியிலிருந்து மதினியின் குரல் கேட்டது. அவர் இந்த நாளுக்காகவே காத்திருந்திருக்க வேண்டும்.

"இப்பவாச்சும் உப்பு கொண்டாரவா?"