கைமாறி வந்த கொக்கிஸ் அச்சு

நேற்று மதியம் கந்தோரில் வேலைக்கு நடுவே சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஸ்பெயினில் ஏதோ ஒரு கிராமம். பண்டிகைக்காக ஓர் அம்மா பூப்போன்ற இரும்பு அச்சை மாவில் தோய்த்து, எண்ணெயில் இறக்கி, லேசாக உதறுகிறார். பூ கழன்று மிதக்கிறது. மேலே சீனி தூவுகிறார். "அட, நம்ம கொக்கிஸ். மஞ்சள் போட மறந்துட்டாங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரிக்குப் புரையேறிவிட்டது.

தேங்காய்ப்பால் மாவு பொரிகிற வாசனை எனக்கு அங்கேயே வந்துவிட்டது. வீடியோவுக்கு வாசனை கிடையாது என்று யார் சொன்னது?

அலுவிகாரைக்குப் பக்கத்தில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சுதான். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் அது வீடு வீடாகப் போகும். சுட்டு முடித்தவர்கள் கடைசிக் கொக்கிஸை அச்சிலேயே விட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைப் பிய்த்துத் தின்ற பிறகுதான் அங்கே சட்டி காயும்.

என் ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு வந்ததும் அப்படியொரு சமயத்தில்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணக்கில் 'ஏ' எடுத்ததை இன்றும் சமயம் பார்த்துச் சொல்லுவேன். இதோ, சொல்லியாயிற்று. அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் கொக்கிஸ் கொடுத்தாக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆனால் அச்சு மேரி பெரியம்மா வீட்டில் இருந்தது. வேதக்கார ஊரான வஹகோட்டையிலிருந்து எங்கள் வரிசைக்கு வாழ வந்தவர். ஈஸ்டருக்கும் வருடப்பிறப்புக்கும் சேர்த்துச் சுடுவதால் அச்சு அங்கே போனால் லேசில் திரும்பாது. "பொம்பளப்புள்ளய படிக்க வச்சு என்ன, கவர்னராவா ஆக்கப்போற?" என்று குழாயடியில் கேட்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு அம்மா அவரோடு பேசுவதில்லை.

அங்கே போக மாட்டேன் என்றாள் அம்மா. கொஞ்ச நேரத்தில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அம்மா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பெரியம்மா அச்சை உதறிக்கொண்டே இருந்தார். பிறகு தலை தூக்காமல், "அச்சு தரமாட்டேன்" என்றார்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"நீ சுட்டா கொக்கிஸ் அச்ச விட்டு வராது. இந்தப் புள்ள பேர்ல குடுக்கிற பலகாரம், உடைஞ்சு போகலாமா? மாவ இங்க கொண்டா. நான் சுடுறேன்."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "கவர்னர் வீட்டுப் பலகாரம், கருக விட்டுறாதீங்க அக்கா" என்றாள்.

பெரியம்மா சிரித்த சிரிப்பில் ஒரு கொக்கிஸ் கருகியே விட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக எங்களுக்கு முன்னால் நடந்தவரும் அவர்தான். என் கணக்கு 'ஏ'யை என்னைவிடச் சத்தமாகச் சொன்னார்.

இப்போது வரிசையில் ஆளுக்கோர் அச்சு இருக்கிறது. எங்களுடையது என் முதல் சம்பளத்தில் வாங்கியது. அம்மா சுட்டால் இன்றும் பாதி உடையும். நாங்கள் சிரித்துக்கொண்டே தின்போம். ஆனாலும் மாவைக் கரைத்ததும் அச்சைக் கையில் எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்ப்பாள். பளபளவென்றுதான் இருக்கும். அடுத்த வீட்டின் கடைசிக் கொக்கிஸ் மட்டும் அதில் இருக்காது.