ஆடி முடியட்டும் என்று வைத்த கடிதம்

நானுஓயா ஸ்டேஷனில் கண்டிக்குப் போக ரயிலுக்குக் காத்திருக்கிறோம். தூறல் விடவில்லை. என் மனைவி பேச்சியம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. அது தன்னால் ஆகாது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஐயா கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். ஒட்டிய உறை. மேலே சிவப்பு மையில் இங்கிலீசு எழுத்து.

பேச்சியம்மா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போகிறாள். பெஞ்சில் என் பக்கத்தில் இருப்பவர் கந்தப்பளைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். எந்த வார்டு என்று கேட்டு உறையை நீட்டுகிறேன். அவர் விரலில் திருநீறு ஒட்டுகிறது.

"என்னப்பா இது?"

"சாமி படத்துக்கிட்ட வச்சிருந்தோமுங்க. ஆடி முடியட்டும்னு."

"ஒரு மாசமாவா? சாமியா வந்து கட்டிய அறுக்கும்? அவசரம், உடனே பாக்கணும்னு போட்டிருக்கய்யா."

கடிதம் கிடைத்த மறுநாளே போகலாம் என்றாள் பேச்சியம்மா. ஆடியில் வேண்டாம் என்றது நான்தான்.

அவர் என் முகத்தைப் பார்க்கிறார். குரல் தணிகிறது.

"வரிசையில நிக்காதீங்க. நேரா நர்ஸம்மாகிட்ட இதக் காட்டுங்க."

ரயில் வருகிறது. பேச்சியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறாள்.

"என்னங்க சொன்னாரு?"

"வரிசையில நிக்க வேணாமாம். நேரா உள்ள போகலாமாம்."

பெட்டியில் ஏறி அவளுக்குக் கை கொடுக்கிறேன். அவள் முகம் தெளிந்திருக்கிறது.

"நீங்க சொன்ன மாதிரி ஆடி கழிச்சு வந்தது நல்லதாத்தாங்க போச்சு," என்கிறாள்.