வாயை ஊதச் சொன்னேன்

என் கணவர் குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. நீடாமங்கலம் பக்கம் குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருந்தார். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது வரப்பில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். நான் டீச்சர். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டே டாக்டருக்குத் தலையாட்டினேன். வலி மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

இரண்டு மூன்று நாளிலேயே அவர் பேச்சு குழறியது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே கண் செருகினார். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். குடித்துவிட்டு அப்படி வந்த ஆளோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். அவருக்குத் தெரியாமல் பைக் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் என் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை.

அறுப்பு மெஷின் வந்த அன்று, கழுத்திலிருந்து தொங்கும் கைக்கட்டோடு வயலுக்குப் போய்விட்டார். பதினோரு மணிக்குக் கொழுந்தனார் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்தார்.

"அண்ணி, அண்ணன் ஒரு மாதிரியா இருக்காங்க. வாந்தி எடுத்துட்டு வரப்புலயே படுத்துட்டாங்க."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் போனேன். மெஷின் டிரைவரும், நெல் அள்ள வந்த பெண்களும் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார முயன்றார்.

"வாயை ஊதுங்க" என்றேன்.

"என்னம்மா இது, எல்லாரும் இருக்காங்க."

"ஊதுங்கன்னு சொல்றேன்ல."

ரோட்டில் போலீஸ்காரரிடம் மாட்டியவர் மாதிரி என் முகத்துக்கு நேரே ஊதினார். வாந்தி வாடை மட்டும்தான் வந்தது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "வாடை தெரியாம குடிக்கக் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். ஒரு பெண் சிரித்தாள். கொழுந்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் தையல் பிரிக்கத் தஞ்சாவூர் போனோம். டாக்டரிடம் நானே முந்திக்கொண்டு, "மறுபடி குடிக்கிறாரோன்னு பயமா இருக்கு சார்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு இவரிடம் கேட்டார். "தலை சுத்துதா? தூக்கமா வருதா? ஒடம்பு அரிக்குதா? மோஷன் போய் எத்தனை நாளாச்சு?"

"ஆறு நாளாச்சு சார்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னிடம் அவர் சொல்லாதது அது.

"எல்லாம் இந்த வலி மாத்திரை பண்ற வேலைம்மா. இது அபின் வகையச் சேர்ந்த மருந்து. சிலருக்கு இப்படித்தான் இருக்கும். இப்படி இருந்தா உடனே போன் பண்ணுங்கன்னு அன்னைக்கே சொன்னேனே?"

கடுமையாகச் சொல்லவில்லை. மாத்திரையை மாற்றினார், மலச்சிக்கலுக்கு ஒரு சிரப் எழுதினார். எனக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், "தப்பா நெனச்சுட்டேங்க" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நான் முன்னாடி இருந்த இருப்புக்கு நீ வேற என்னம்மா நெனைப்ப" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சில நாளில் தெளிந்துவிட்டார். கொழுந்தனாரிடம் மட்டும், "மாத்திரை மயக்கம்தானாம்" என்று போனில் சொன்னேன். ஊதச் சொன்னதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. நெல் அள்ள வந்த பெண்கள் என் பள்ளிக்கூட வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். "சார் எப்படி இருக்காங்க டீச்சர்?" என்று கேட்கிறார்கள். அன்று அது மாத்திரை மயக்கம்தான் என்று நின்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். "நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறேன்.