கடப்பேரி வீட்டில் எனக்கு அக்காவாக இருந்த ரோஸ்லின்

ரோஸ்லின் அக்கா இறந்துவிட்டார்.

எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது.

காலையில் அவருடைய வழக்கமான குட்மார்னிங் மெசேஜ் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே நம்பரிலிருந்து கால். "சொல்லுங்கக்கா" என்றேன். பேசியது அவர் மகன் டேனியல். "ஆன்ட்டி... அம்மா போயிட்டாங்க."

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். டேனியல் எடுத்துக்கொண்டு வருவதற்குள்... அவ்வளவுதான்.

போன வாரம்தான் செக்கப் போனார். எல்லாம் நார்மல் என்று சொன்னார்களாம். அப்புறம் எப்படி?

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. சொல்கிறேன்.

எண்பத்தெட்டாம் வருடம். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு வேலை. மதுராந்தகத்திலிருந்து தினமும் வந்து போக முடியவில்லை. அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருந்த ரோஸ்லின் அக்காவும் ஹாஸ்டல் சாப்பாடு தாங்காமல் வீடு தேடிக்கொண்டிருந்தார். சேர்ந்து தேடினோம்.

வெஸ்ட் தாம்பரத்தில் நாங்கள் நடக்காத தெரு இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில். "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா."

கடைசியாகக் கடப்பேரியில் ஒரு பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் ஒரு போர்ஷன் காலி. தெருமுனை வந்ததும் அக்கா நின்றார். கழுத்திலிருந்த சிலுவைச் செயினை ஜாக்கெட்டுக்குள் தள்ளினார். என் ஹேண்ட்பேகிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு எடுத்து ஒட்டிக்கொண்டார். "நீ வாயைத் திறக்காத. நான் பேசிக்கிறேன்."

ஹவுஸ் ஓனர் பார்வதியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டே பேரா? பெரியவங்க யாரும் இல்லியா?"

"நாங்க அக்கா தங்கச்சிம்மா. அம்மா அப்பா ஊர்ல. நான் ரோஜா, இவ கௌரி."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீடு கிடைத்துவிட்டது!

என்ன வீடு அது... கம்பெனிக்கு நடை. மார்க்கெட்டுக்கு நடை. ஸ்டேஷன், கோயில், சர்ச், சினிமா எல்லாமே நடை. பஸ் நம்பரே எங்களுக்கு மறந்துபோனது. சாயங்காலம் பேசிக்கொண்டே வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவோம்.

ஆனால் நடக்கிற தூரத்தில் எல்லாம் இருந்தால் ஆட்களும் அங்கேயேதான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை "ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டு சர்ச்சுக்குப் போவார் அக்கா. ஒருநாள் பூசை முடிந்து முக்காடும் பைபிளுமாக வெளியே வருகிறார்... எதிரே காய்கறிப் பையோடு பார்வதியம்மா.

திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்திருக்கிறார்.

அக்கா வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். நான் அழ ஆரம்பித்தேன். திரும்ப ஹாஸ்டலா, ஊருக்கா, வேலையை விடுவதா... ஒன்றும் புரியவில்லை. வாசலில் பார்வதியம்மா வந்து நின்றார்.

"இன்னா, மூட்டை கட்டிக்கினு கீறீங்க?"

அக்கா தலை குனிந்து, "தப்புதாம்மா. வேற வழி தெரியல" என்றார்.

"வந்த ஒரு வாரத்துலயே எனக்குத் தெரியும். கூடப் பொறந்ததுங்கன்னா ஒரு நாளாச்சும் சண்ட வராது? என் பொண்ணுங்க ரெண்டும் ஒரு சீப்புக்கு அடிச்சிக்கும். நீங்க ஒரு வாளித் தண்ணிய பங்கு போட்டுக்கினு குளிக்கிறீங்க."

"தெரிஞ்சுமா வெச்சிருந்தீங்க?"

"தொரத்தினா எங்க போவீங்க? ஆனா இனிமே எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாத. சர்ச்சுக்குன்னா சர்ச்சுக்குன்னு சொல்லிட்டுப் போ."

பெட்டியைப் பிரித்தோம்.

அடுத்த வருடம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவருக்கு உண்மையில் அம்மா அப்பா கிடையாது. தூத்துக்குடி அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டில் பெண் பார்க்கிறோமே என்று மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. "பொண்ணு சைடுல யாருமே இல்லையா?" என்று கேட்டேவிட்டார். அக்கா காபி டம்ளரோடு அப்படியே நின்றார்.

பார்வதியம்மா முன்னே வந்தார். பட்டுப்புடவை, நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம்.

"ஏன் இல்ல? நான் கீறேனே. பொண்ணுக்குப் பெரியம்மா."

கிறிஸ்தவப் பெண்ணுக்கு இப்படி ஒரு பெரியம்மாவா என்பதுபோல் மாப்பிள்ளையின் அம்மா அந்தக் குங்குமத்தையே பார்த்தார்.

"எங்க குடும்பத்துல எல்லாம் கலந்துதான் கீது. நீங்க காபி சாப்பிடுங்க."

சமையலறைக்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார். "ஏய், பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னது இவங்கதானேடி?" சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று அழுதுவிட்டார்.

அந்தச் சம்பந்தமே முடிவானது. கல்யாணத்தில் பெரியம்மாவாகவே முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார் பார்வதியம்மா. அக்கா கீழ்க்கட்டளைக்குக் குடிபோனார். எனக்குக் கல்யாணமாகும் வரை அதே போர்ஷனில் நான் இருந்தேன். ஞாயிறு தவறாமல் அக்கா சர்ச் முடிந்து நேராக அங்கேதான் வருவார்.

பார்வதியம்மா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அது எல்லோரும் எதிர்பார்த்திருந்த சாவு. இது...

இந்த நிமிஷம் வரை எனக்கு அழுகைகூட வரவில்லை.

நாவலூரிலிருந்து கிளம்பிவிட்டேன். காரில் உட்கார்ந்துதான் டைப் செய்கிறேன். பள்ளிக்கரணை தாண்டும்போது டேனியல் மறுபடி கூப்பிட்டான். "ஆன்ட்டி, அம்மாவுக்கு எந்தப் புடவை கட்டுறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க வந்து எடுத்துக் குடுக்குறீங்களா?"

எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வந்துகொண்டே இருக்கிறேன் அக்கா. உங்களுக்குப் பிடித்த அந்த மயில் கழுத்து நீலம்தானே?