அண்ணனுடைய டோக்கன்

1998 ஜூன் 11: விண்ணப்பத் தாள் 5.00
1998 ஜூலை 2: எக்ஸ்ரே 120.00
1998 செப்டம்பர் 21: பஸ், போக வர 18.00
1999 பிப்ரவரி 8: மறுபடியும் எக்ஸ்ரே 135.00 (முதல் படத்தை ஆபீஸ் தொலைத்துவிட்டது)
2000 மார்ச் 3: முத்திரைத் தாள் 20.00 (அண்ணன் கொடுத்தது)

தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்த ஒருவர், தன் நெஞ்சு நோய் பாறைத் தூசியால் வந்தது என்று நிரூபிக்கச் செய்த செலவு இது. நிரூபித்தால் சுரங்க ஆஸ்பத்திரியில் ஆயுளுக்கும் இலவச வைத்தியம், ஆக்சிஜன். இல்லாவிட்டால் தன் மூச்சுக்குத் தானே வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிக்கல் பதிவேட்டில் இருந்தது. அதன்படி அவர் ஒருநாளும் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை. பதினோரு வருஷமும் மேலே மரக்கிடங்கில் பலகை அடுக்கியிருக்கிறார். கீழே துளை போட்டவர் அவருடைய அண்ணன்.

நடந்தது நேர்மாறு. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, ஆட்களை இறக்கும் கூண்டு பாதி வழியில் நின்று அரைமணி நேரம் இருட்டில் தொங்கியது. அதன்பின் அவர் கூண்டில் கால் வைக்க மறுத்தார். "ரெண்டு நாள் நீ போடா" என்றார். தம்பி தன் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு அண்ணனுடைய 412-ஐ வாங்கிக்கொண்டார். வாசலில் நேரம் எழுதுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்ப்பார். ரெண்டு நாள் பதினோரு வருஷம் ஆயிற்று. சம்பளக் கவரை வீட்டில் மாற்றிக்கொண்டார்கள். சுரங்கம் மூடியபோது, கீழே இறங்கியவர்களுக்கான கூடுதல் பென்ஷன் அண்ணன் பெயரில் வந்தது. தம்பிக்கு அப்போது மூச்சு நன்றாக இருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

சுரங்கத்தின் பென்ஷன் ஆபீஸ் குமாஸ்தா சிரித்தேவிட்டார். "பெரியவரே, மரக்கிடங்குல மரத்தூள்தானே இருக்கும்? கல்தூள் என்ன, உங்களைத் தேடி நடந்து வந்துச்சா?"

"அண்ணன் டோக்கன்ல நான்தாங்க இறங்கினேன்."

"அப்போ அதை அவரையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

அண்ணன் வீடு அடுத்த தெரு. கையெழுத்து அங்கிருந்து வரப் பதினேழு மாதம் ஆயிற்று.

"நான் மாட்டேன்னா சொன்னேன்? பென்ஷன் போயிடும்டா. கொஞ்சம் பொறு."

"பொறுக்கறதுக்கும் மூச்சு வேணுமேண்ணே."

வீட்டில் மனைவி விடவில்லை. "பாறையையே துளைச்ச ஆளு, உங்கண்ணன் மனசைத் துளைக்க முடியலையா? அவர்கிட்ட கேக்கறதும் கல்லுல நார் உரிக்கறதும் ஒண்ணுதான்."

ஒருநாள் அண்ணன் வீட்டு மூன்று படிகளில் இரண்டாவதிலேயே தம்பி உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஏறவில்லை. உள்ளிருந்து பார்த்த அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய் முத்திரைத் தாள் வாங்கி வந்தார். உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எழுதியதை யார் படித்தார்களோ தெரியாது. பதிவேட்டில் 412 யாரோ அவர் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று அண்ணனுக்குத்தான் ஆணை வந்தது.

"அய்யா, வியாதி தம்பிக்கு. என் நெஞ்சை ஏன் தட்டறீங்க?" என்று அண்ணன் கத்தினார்.

"மூச்சை இழுங்க" என்றார் டாக்டர்.

கடைசிக் கடிதம் தம்பிக்கு வந்தது. இரண்டே வரி. 412-ஆம் எண்ணுடையவருக்கு நுரையீரலில் தூசி நோய் இல்லை, ஆகவே கோரிக்கை முடிக்கப்படுகிறது.

"அண்ணன் இறங்கலைன்னு அவர் நெஞ்சே சாட்சி சொல்லுது. இதுகூடவா இவங்களுக்குப் புரியல?" என்று கேட்டு முடிப்பதற்குள் தம்பிக்கு இருமல் வந்துவிட்டது.

கடிதம் வந்த தேதி: 2000 ஆகஸ்ட் 17.