சமதளத்தில் ஓடிய வேகன்

“தரை சமமாம்! சமமாம்ல!”

என் அண்ணன் தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே சொல்வது இது. வாய் நிறைய நுரை, அதில் பாதி கண்ணாடியில் தெறிக்கும். துடைப்பது அண்ணி. “சமமோ மேடோ, கண்ணாடி உங்களை என்ன பண்ணுச்சு? துப்பிட்டுப் பேசுங்க” என்பார்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரிய ரயில் பாதையிலிருந்து பிரிந்து சிமென்ட் ஆலைக்குள் போகும் தனிப் பாதையில், இருபத்திரண்டு வருடம் சரக்கு வேகன்களுக்குக் கொக்கி மாட்டியவர் அண்ணன். காலி வேகன் வரும், மூட்டை ஏற்றிக்கொண்டு போகும். பிரேக் பழுதான வேகன் என்றால் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து நிறுத்த வேண்டும். ஆலையில் கட்டை இல்லை. எட்டு மாதம் கேட்டார். “வரும், வரும்” என்றார்கள். கட்டை வரவில்லை, வேகன் வந்தது. சும்மா நின்ற வேகன் தானாக உருண்டு வந்து, கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவரின் இடது கையை மணிக்கட்டோடு நசுக்கிவிட்டது.

அதோடு விட்டார்களா? விசாரணை என்று ஒன்றை நடத்தி மேலாளர் எழுதினார்: பாதை சமதளம், வேகன் தானாக ஓட வாய்ப்பில்லை, தொழிலாளியின் கவனக்குறைவு. அந்தக் கடைசி வார்த்தையை அடித்து எழுத வைக்க வேண்டும். அன்றிலிருந்து அண்ணனுக்கு அது ஒன்றுதான் வேலை.

ஒருநாள் நான் போனபோது பின் அறைக்குக் கதவே இல்லை. கழற்றிப் படுக்கப் போட்டு, அதன்மேல் அந்தப் பாதையைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணி இது?”

“உங்க அண்ணன் ரயில் விடுறார். நான் துணி மாத்தணும்னா குளியலறைக்கு ஓடணும்.”

திட்டினாலும் அண்ணிதான் அவருக்கு இடது கை. பாதை ஆலை வேலியை ஒட்டியே போகிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூபை வைத்து, ஒரு முனையை இவர் பிடிக்க மறுமுனையை அவர் பிடிக்க, முந்நூறு அடியைத் துண்டு துண்டாக அளந்தார்கள். மொத்தம் இரண்டடி சரிவு. அவ்வளவு தூரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். ஆறேகால் அடிக் கதவில் அது அரை அங்குலம். அந்த அரை அங்குலத்தைத் தண்டவாளத்துக்கு அடியில் சீவிச் சீவி வைத்தார். எண்ணெய் டின் தகரத்தை அண்ணி பிடித்துக்கொள்ள, இவர் வெட்டி மடக்கி, சாண் நீளத்தில் ஐந்து வேகன்கள் செய்தார். சக்கரங்கள் லேசாகச் சுழல, அச்சு முனைகளை ஊசி மாதிரித் தீட்டினார். பெயின்ட் அடித்த பிறகு, மேலே துரு நிறத்தைத் தொட்டுத் தொட்டு அழுக்காக்கினார்.

“புதுசா அடிச்சதை ஏங்க கெடுக்கிறீங்க?”

“சிமென்ட் ஏத்துற வேகன் பளபளன்னா இருக்கும்? இது என்ன மாப்பிள்ளை காரா!”

ஆலைக்கு ஐம்பதாம் ஆண்டு விழா வந்தது. இந்தப் பொம்மைப் பாதையைப் பற்றி யாரோ சொல்ல, முன்கூடத்தில் வைக்கக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அண்ணன் உடனே சரி என்று, மேசைக்கு மட்டம் பார்த்துத் தானே வைத்துவிட்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“உனக்குச் சூடு சொரணை இருக்கா இல்லையா அண்ணா?”

“இருக்கு. நீயும் விழாவுக்கு வா.”

மூவரும் போனோம். விருந்தாளிகள் நடுவில் மேலாளர் சிரித்துக்கொண்டிருந்தார். மேட்டு முனையில் ஐந்து வேகனும் வரிசையாக நின்றன. அண்ணன் முகம் சுருங்கியது. ஒன்றைத் தொட்டார். அசையவில்லை.

அலங்கார வேலைக்கு வந்த ஆள் பதறிக்கொண்டு ஓடிவந்தார். “தொடாதீங்க சார்! எத்தனை தடவை வச்சாலும் தானா உருண்டு அந்தக் கோடிக்குப் போயிடுது. ‘எப்படியாவது நிறுத்துய்யா’ன்னு மேனேஜர் சொன்னாரு. பசை போட்டு ஒட்டிட்டேன்.”

அண்ணன் நேராக மேலாளரிடம் போனார். “பொம்மை வண்டி ஓடினா ஒரே நாள்ல பசை வருது. நான் எட்டு மாசம் கேட்டேனே சார், ஒரு கட்டை வந்துச்சா?”

“விழா நேரத்துல எதுக்குய்யா இதெல்லாம்? நீ வேணும்னே சரிவா செஞ்சிருக்கே.”

“சரிவா? உங்க கண்ணுக்கு எங்க தெரியுது, காட்டுங்க. சமமாத்தானே இருக்கு?”

மேலாளர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். அண்ணி தன் பையைத் திறந்து தண்ணீர் ட்யூபை வெளியே எடுத்தார். “நிஜப் பாதை வெளியிலதான் இருக்கு. ஒரு முனையை நீங்க பிடிங்க சார், மறுமுனையை நான் பிடிக்கிறேன். எனக்குப் பழக்கம்தான்.”

மேலாளர் ட்யூபைத் தொடவில்லை. போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு நழுவினார், வெட்கம் கெட்ட மனிதர்.

அன்றே கதவை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். பசையைச் சுரண்ட அண்ணிக்கு ஒரு வாரம் ஆயிற்று. அண்ணன் ஆலைக்கு எழுதிப் போட்ட கடிதத்துக்கு “முடிந்துபோன விஷயம்” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. யாருக்கு முடிந்தது? கவனக்குறைவு என்ற வார்த்தை அந்தக் காகிதத்தில் இன்னும் அப்படியே குந்தியிருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன், ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆலையின் பின்வாசலுக்கு எதிரே மூன்றாவது வீடு. பின் அறைக்கு இன்னும் கதவு இல்லை, கூச்சப்படாமல் உள்ளே போகலாம். மேட்டு முனையில் ஒரு வேகன் நிற்கும், சக்கரத்தடியில் தீக்குச்சி அளவு கட்டை இருக்கும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். கட்டையை மட்டும் உருவுங்கள். கண்ணால் கண்டதைப் பக்கத்தில் உள்ள நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நோட்டு நிறைந்ததும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறது. கிளம்பும்போது கட்டையை இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். மறந்தால் அண்ணி வாயிலிருந்து தப்ப முடியாது.